கில்லியன் வெல்ச்: பாட்டும் டேப்பும் கூரையும் சொந்தமானபோது

அமெரிக்கப் பாடகியும் பாடலாசிரியருமான கில்லியன் வெல்ச்சின் முதல் ஆல்பம் கடைக்கு வந்தது 1996-இல். அதற்கு ஓராண்டு முன்பே, 1995-இல், பாடகி எமிலூ ஹாரிஸ் தம்முடைய ‘ரெக்கிங் பால்’ ஆல்பத்தில் வெல்ச் எழுதிய ‘ஆர்ஃபன் கேர்ல்’ பாட்டைப் பாடிவிட்டார். அப்போது வெல்ச்சின் குரலில் விற்பனைக்கு ஒரு ஆல்பம்கூட இல்லை. ஆனாலும் அவருடைய பாட்டு சம்பாதிக்கத் தொடங்கிவிட்டது. அமெரிக்காவில் ஒரு தனி இசைக் கலைஞரின் வரவு செலவைப் புரிந்துகொள்ள இந்த ஒரு வருட இடைவெளியைப் பிடித்துக்கொண்டால் போதும், மற்றதெல்லாம் இதிலிருந்தே விரியும்.

ஒரு பாட்டில் இரண்டு சொத்துகள் இருக்கின்றன. வரியும் மெட்டும் ஒரு சொத்து, அது எழுதியவருடையது. அந்தப் பாட்டை ஒருநாள் ஓர் அறையில் பாடிப் பதிவு செய்த ஒலிநாடா இன்னொரு சொத்து. தொழிலில் இதை ‘மாஸ்டர்’ என்பார்கள். பதிவுக்குப் பணம் போட்டவர் எவரோ, பெரும்பாலும் அவருடையது. எமிலூ ஹாரிஸ் பாடிய பதிவில் வெல்ச்சுக்கு எந்தப் பங்கும் இல்லை. ஆனால் விற்ற ஒவ்வொரு பிரதிக்கும் பாட்டை எழுதியவர் தரப்புக்கு ‘மெக்கானிக்கல் ராயல்டி’ என்ற தொகை போயாக வேண்டும். 1994-95-இல் சட்டம் வகுத்த வீதம் பாட்டுக்கு 6.60 சென்ட். ஒரு லட்சம் பிரதி விற்றால் 6,600 டாலர். பாட்டைப் பதிப்பு நிறுவனத்தில் ஒப்படைத்திருந்தால் வழக்கமாக அதில் பாதி நிறுவனத்துக்கு, பாதி எழுதியவருக்கு.

ஒரு பாட்டை முதன்முதலாகப் பதிவு செய்து வெளியிட மட்டும் எழுதியவரின் சம்மதம் வேண்டும். ஒருமுறை வெளிவந்துவிட்டால், அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் 115-ஆம் பிரிவுப்படி யார் வேண்டுமானாலும் உரிய தொகையைக் கட்டிவிட்டு அதைப் பாடலாம்; எழுதியவர் மறுக்க முடியாது. அதனால்தான் அமெரிக்கானா எனப்படும், கிராமிய வேர் கொண்ட அமெரிக்க இசை வட்டத்தில் நல்ல பாட்டு எழுதுபவருக்கு மதிப்பு அதிகம். தான் பாடி விற்காவிட்டாலும் அந்தப் பாட்டு பிறர் வாயில் பிழைத்துக்கொள்ளும்.

வெல்ச் 1967-இல் நியூயார்க்கில் பிறந்தவர். தத்தெடுத்த பெற்றோர் இருவருமே இசைக்காரர்கள். ‘கரோல் பர்னெட் ஷோ’ தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு இசை எழுத லாஸ் ஏஞ்சலஸுக்குக் குடிபெயர்ந்தவர்கள். அப்பலாச்சிய மலையோரக் கிராமியச் சாயலில் பாடுகிற பெண் கலிஃபோர்னியாவில் வளர்ந்தவரா என்று தொடக்கத்தில் விமர்சகர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். பாஸ்டனில் உள்ள பெர்க்லீ இசைக் கல்லூரியில் ஒரு கன்ட்ரி இசைக் குழுவுக்கான தேர்வில் டேவிட் ராலிங்ஸைச் சந்தித்தார். 1992-இல் நாஷ்வில் நகரத்துக்கு வந்தார். அன்று முதல் இன்று வரை இரண்டு குரல், இரண்டு கிட்டார், அதுதான் அடிப்படை. ராலிங்ஸ் வாசிப்பது 1935-ஆம் ஆண்டின் எபிஃபோன் ஒலிம்பிக். சிறிய உடல், வளைந்த மேற்பலகை. தாழ்ந்த ஒலி மெலிந்து, நடு ஒலி கூர்மையாக எழும்பும். வெல்ச்சின் கிப்ஸன் கிட்டார் கீழே நிரவிக்கொடுக்க, அதன் மேல் இது ஊசி மாதிரி தைக்கும். இரண்டே கருவியில் இடைவெளி தெரியாமல் இருப்பதற்கு இந்தப் பொருத்தம் ஒரு முக்கியக் காரணம்.

நாஷ்வில்லின் ‘ஸ்டேஷன் இன்’ அரங்கில் இவர்கள் பாடுவதைக் கேட்ட தயாரிப்பாளர் டி-போன் பர்னெட் முதல் இரண்டு ஆல்பங்களையும் தயாரித்தார்: ‘ரிவைவல்’ (1996), ‘ஹெல் அமங் தி இயர்லிங்ஸ்’ (1998). வெளியிட்டது ஆல்மோ சவுண்ட்ஸ். ஏ அண்ட் எம் நிறுவனத்தை நடத்திய ஹெர்ப் ஆல்பர்ட்டும் ஜெர்ரி மோஸும் பிறகு தொடங்கிய லேபிள், அதாவது இசை வெளியீட்டு நிறுவனம் அது. பின்னர் அது யுனிவர்சல் கைக்குப் போனது. இப்படிக் கைமாறும்போது கலைஞருக்கு என்ன நடக்கும் என்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்ததே. உங்களை நம்பி ஒப்பந்தம் போட்டவர் வெளியே போய்விடுவார்; உங்கள் ஆல்பம் புதிதாக வந்தவரின் மேசையில் ஒரு வரிசை எண்ணாகிவிடும். 2001-இல் வெல்ச்சும் ராலிங்ஸும் சொந்த லேபிள் தொடங்கினார்கள். பெயர் ‘அக்கோனி ரெக்கார்ட்ஸ்’. ‘அக்கோனி பெல்’ என்பது தென் அப்பலாச்சிய மலைகளில் இளவேனிலின் தொடக்கத்திலேயே பூக்கும் ஒரு காட்டுப்பூ. முதல் ஆல்பத்தில் அதைப் பற்றி ஒரு பாட்டும் உண்டு. அந்த முதல் இரண்டு ஆல்பங்களும் இன்று அக்கோனி பெயரிலேயே கிடைக்கின்றன.

சொந்த லேபிள் என்பது அவர்கள் கண்டுபிடித்த வழியல்ல. பாடகர் ஜான் பிரைன் 1980-களின் தொடக்கத்திலேயே ‘ஓ பாய் ரெக்கார்ட்ஸ்’ தொடங்கி, இன்னும் வெளிவராத ஆல்பத்துக்கு ரசிகர்கள் முன்கூட்டி அனுப்பிய பணத்தில் வேலையை நடத்தினார். 1991-இல் அதே லேபிளில் வந்த ‘தி மிஸ்ஸிங் இயர்ஸ்’ கிராமி வாங்கியது. வழி திறந்திருந்தது. ஆனாலும் 2001-இல் அந்த முடிவை எடுக்கத் தைரியம் வேண்டியிருந்தது. நாப்ஸ்டர் என்ற இணையப் பகிர்வுச் சேவை வழியாகப் பாட்டெல்லாம் இலவசமாகப் பாயத் தொடங்கி, தொழிலே ஆடிப்போயிருந்த நேரம் அது. அந்தப் பயத்தைப் பற்றியே வெல்ச்சும் ராலிங்ஸும் எழுதிய ‘எவ்ரிதிங் இஸ் ஃப்ரீ’ அக்கோனியின் முதல் ஆல்பமான ‘டைம் (தி ரெவலேட்டர்)’-இல் இருக்கிறது. அந்தப் பாட்டை இன்று இளைய தலைமுறைப் பாடகர்கள் பலர் பாடிப் பதிவு செய்திருக்கிறார்கள். இலவசமாகிவிட்டதே என்று எழுதிய பாட்டு இன்னும் சோறு போடுகிறது.

தைரியத்துக்கு ஒரு பின்பலமும் இருந்தது. 2000 டிசம்பரில் ‘ஓ பிரதர், வேர் ஆர்ட் தௌ?’ படத்தின் இசை ஆல்பம் வந்தது. அதில் வெல்ச் பாடினார், பர்னெட்டுடன் சேர்ந்து இணைத் தயாரிப்பு வேலையும் பார்த்தார். எமிலூ ஹாரிஸ், அலிசன் க்ராஸ் ஆகியோருடன் மூவராகப் பாடிய பழைய தாலாட்டுக்கு வெல்ச்சும் பர்னெட்டும் புதிய சரணங்கள் எழுதினார்கள். அந்த ஆல்பம் 70 லட்சத்துக்கும் மேல் விற்று, 2002-இல் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமியை வென்றது. பழம்பாட்டுக்கு உரிமையாளர் இல்லை. ஆனால் அதில் நீங்கள் சேர்க்கும் வரிகளுக்கு உண்டு. கிராமியப் பாட்டை எடுத்து ஆளும் எந்தக் கலைஞரும் முதலில் கற்க வேண்டிய பாடம் இது. சேர்த்தது எது, கேட்டு வாங்கியது எது, யாரிடம் என்று எழுதி வைக்காவிட்டால், பாட்டு ஓடிய பிறகு வழக்கறிஞரிடம்தான் போய் நிற்க வேண்டும்.

லேபிள் ஒப்பந்தத்துக்கும் சொந்த லேபிளுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்காகவே பார்க்கலாம். ஒரு லேபிள் பதிவுக்கும் விளம்பரத்துக்கும் சேர்த்து 1,50,000 டாலர் முன்பணம் தருகிறது, கலைஞருக்கு ஆல்பத்துக்கு ஒன்றரை டாலர் ராயல்டி என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒன்றரை டாலர் முதலில் முன்பணத்தைக் கழிக்கவே போகும். ஒரு லட்சம் ஆல்பம் விற்ற பிறகுதான் கலைஞர் கைக்கு முதல் டாலர் வரும். அவ்வளவு கழித்த பிறகும் மாஸ்டர் லேபிளுடையதாகவே இருக்கும். வீட்டுக் கடனைக் கட்டி முடித்த பிறகும் பத்திரம் வங்கியிலேயே இருப்பது போன்றது இது.

போதாக்குறைக்கு அந்தக் காலத்து ஒப்பந்தங்களில் இன்னொரு பிரிவு இருக்கும்: கலைஞர் தாமே எழுதிய பாட்டுக்குச் சட்ட வீதத்தில் முக்கால் பங்குதான் தருவோம், அதுவும் ஆல்பத்துக்குப் பத்துப் பாட்டு வரைதான் என்று. 2000-01-இல் சட்ட வீதம் 7.55 சென்ட், முக்கால் பங்கு என்றால் 5.66 சென்ட். பதின்மூன்று பாட்டு போட்டால் மூன்று பாட்டு கணக்கிலேயே வராது. பிறர் எழுதிய பாட்டு ஒன்று அதில் இருந்தால் அவருக்கு முழு வீதம் கொடுத்தாக வேண்டும். குறைவது கலைஞரின் சொந்தப் பங்கில்தான். எழுதிப் பாடுகிறவரையே குறிவைத்து அமைந்த பிரிவு இது. அநியாயம் என்ற சொல்லைத் தவிர இதற்கு வேறு சொல் பொருந்தாது.

சொந்த லேபிளில் இந்தப் பிரிவே எழாது. ஆனால் செலவு முழுவதும் உங்கள் தலையில். ஸ்டுடியோ, மாஸ்டரிங் எனப்படும் இறுதி ஒலிச் சீரமைப்பு, அட்டைப் படம், அச்சு, கிடங்கு, தபால், வானொலிக்கு ஆள் வைத்து அனுப்புவது எல்லாம் முன்பணமாகப் போக வேண்டும். கடைகளுக்குக் கொண்டுபோக விநியோகஸ்தர் தேவை. அவர் தம் பங்கைப் பிடித்துக்கொண்டு மீதியைச் சில மாதம் கழித்தே தருவார், விற்காததைத் திருப்பியும் அனுப்புவார். தனி லேபிள்கள் மூடப்படுவதற்கு மோசமான விற்பனையைவிட இந்தப் பண இடைவெளிதான் அடிக்கடி காரணமாகிறது. நன்றாக விற்கிறதே என்று இரண்டாம் அச்சுக்குப் பணம் கட்டியிருப்பார்கள். முதல் அச்சின் பணம் இன்னும் வந்திருக்காது. அக்கோனி அந்தக் கிணற்றில் விழாததற்கு ஆல்பங்களின் எளிமையும் ஒரு காரணமாக இருக்க வேண்டும். இரண்டு பேர் ஓர் அறையில் எதிரெதிரே உட்கார்ந்து நேரடியாகப் பாடிப் பதிவு செய்த ஆல்பத்துக்குக் கூலி வாசிப்பாளர் பட்டியல் இல்லை.

‘டைம் (தி ரெவலேட்டர்)’ அப்படித்தான் பதிவானது. ரைமன் அரங்க மேடையில் பதிவான ஒரு பாட்டைத் தவிர மற்றவை நாஷ்வில்லின் பழம்பெரும் ஆர்சிஏ ஸ்டுடியோ பி-யில் பதிவானவை. கடைசிப் பாட்டான ‘ஐ ட்ரீம் எ ஹைவே’ 14 நிமிடம் 39 வினாடி ஓடும். ஒரு நீளமான பாட்டு என்னென்ன கணக்கைப் புரட்டிப்போடும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. முதலில் டேப். ஸ்டுடியோக்களில் வழக்கமான 2,500 அடிச் சுருள், வினாடிக்கு 15 அங்குல வேகத்தில் 33 நிமிடம் ஓடும். 30 அங்குல வேகத்தில் 16 நிமிடம் 40 வினாடிதான். அதாவது வேகமான ஓட்டத்தில் இந்த ஒரு பாட்டே ஒரு சுருளை விழுங்கிவிடும். பதின்மூன்றாம் நிமிடத்தில் விரல் தவறினால் அடுத்த முயற்சிக்குப் புதுச் சுருள். அடுத்து ராயல்டி. ஐந்து நிமிடத்துக்கு மேற்பட்ட பாட்டுக்குச் சட்ட வீதம் நிமிடக் கணக்கில் போடப்படும், மிச்ச வினாடிகள் முழு நிமிடமாக எண்ணப்படும். 2006 முதல் 2022 வரை சாதாரணப் பாட்டுக்கு 9.1 சென்ட், நீண்ட பாட்டுக்கு நிமிடத்துக்கு 1.75 சென்ட். அந்த வீதத்தில் 15 நிமிடக் கணக்குக்கு 26.25 சென்ட், கிட்டத்தட்ட மூன்று பாட்டின் விலை. இவ்வளவு நீளத்தை ஆல்பத்தில் வைக்கிறோம் என்று ஒரு பெரிய லேபிளிடம் சொல்லியிருந்தால் என்ன பதில் வந்திருக்கும் என்று ஊகிப்பது கடினமல்ல.

9.1 சென்ட் வீதம் பதினேழு ஆண்டுகள் அப்படியே கிடந்தது. 2023-இல் 12 சென்ட், 2024-இல் 12.4, 2025-இல் 12.7 என்று ஏறியிருக்கிறது. தட்டு விற்பனை வற்றிய பிறகு வந்த உயர்வு என்றாலும், வினைல் தட்டு விற்கிற தனிக் கலைஞர்களுக்கு அது உதவத்தான் செய்கிறது.

பாட்டெழுதும் பக்கத்திலும் ஒப்பந்தம் உண்டு. அதில் வேறுவகைச் சிக்கல். பதிப்பு நிறுவனம் முன்பணம் தந்து, இத்தனை பாட்டு எழுதித் தர வேண்டும் என்று எண்ணிக்கை வைக்கும். இருவர் சேர்ந்து எழுதினால் ஆளுக்கு அரைப் பாட்டுதான் கணக்கில் ஏறும். பத்துப் பாட்டு பாக்கி இருப்பவர் நண்பருடன் உட்கார்ந்து பத்து எழுதினாலும் ஐந்துதான் முடிந்திருக்கும். எண்ணிக்கை முடியும் வரை ஒப்பந்தம் நீண்டுகொண்டே போகும். வெல்ச்சும் ராலிங்ஸும் தங்களுடைய பதிப்பு ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ள 2002-இல் ஒரு காரியம் செய்தார்கள். பழைய குறிப்பேடுகளைப் புரட்டி, அரைகுறையாகக் கிடந்ததை முடித்து, 48 பாட்டுகளை எளிய பதிவுகளாகப் பாடித் தள்ளினார்கள். கடனை அடைக்க ஒரே மூச்சில் நடந்த அறுவடை. அந்த டேப்புகள் பதினெட்டு ஆண்டுகள் வெளியே வரவில்லை. அவை வெளிவந்த விதத்துக்குப் பிறகு வருவோம்.

2003-இல் ‘சோல் ஜர்னி’ வந்தது. அடுத்த வெல்ச் ஆல்பம் 2011-இல். நடுவில் எட்டு ஆண்டுகள். எழுதியவை தங்களுக்கே பிடிக்கவில்லை, தரம் போதவில்லை என்று வெல்ச் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். பெரிய லேபிளின் ஒப்பந்தத்தில் ‘ஆப்ஷன்’ காலம் ஓடும்: இத்தனை மாதத்துக்குள் அடுத்த ஆல்பம் தராவிட்டால் ஒப்பந்தம் இடைநிறுத்தப்படும், அல்லது வேறு எவரோ எழுதிய பாட்டையாவது பாடச் சொல்வார்கள். இங்கே அப்படிச் சொல்ல ஆளில்லை. மாஸ்டரைச் சொந்தமாக வைத்திருப்பதன் பெரிய பயன் கூடுதல் சென்ட் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பிடிக்காததை வெளியிடாமல் இருக்கும் உரிமை அதைவிடப் பெரிது; பழைய ஆல்பங்கள் தம் கணக்கில் வீட்டுச் செலவைப் பார்த்துக்கொள்ளும்போதுதான் அந்த உரிமை நிஜமாகும். எட்டு ஆண்டு காத்திருந்து வந்த ‘தி ஹேரோ அண்ட் தி ஹார்வெஸ்ட்’, இருவர் மட்டுமே வாசித்த ஆல்பம், அவர்கள் செய்தவற்றில் மிகச் செறிவானது என்று சொல்லத் தயக்கமில்லை. நடுவில் 2009-இல் ராலிங்ஸின் பெயரில் ஓர் ஆல்பம் அதே அக்கோனியில் வந்தது, வெல்ச் உடன்பாடினார். முன்னால் நிற்கும் பெயர் மாறியது, கடை ஒன்றுதான்.

ஓட்டத்தைக் காப்பாற்றியது மேடை. கச்சேரிப் பயணத்தின் கணக்கில் ஆள் எண்ணிக்கைதான் எல்லாம். ஐந்து பேர் குழு என்றால் வேன், ஓட்டுநர், மூன்று ஓட்டல் அறை, ஐந்து சம்பளம், ஒலிக்கருவி மூட்டை. இரண்டு பேர், இரண்டு கிட்டார் என்றால் இந்தச் செலவில் பெரும்பகுதி இல்லை. வரும் தொகையில் கச்சேரி ஏற்பாடு செய்யும் முகவருக்கு வழக்கமாக 10 சதவீதம், மேலாளர் இருந்தால் 15 சதவீதம் போகும். இந்த வெட்டு மொத்தத் தொகையில் விழும், லாபத்தில் விழாது; கணக்குப் போடாமல் கிளம்பும் குழுக்கள் நஷ்டத்தோடு திரும்புவது இதனால்தான். அரங்க வாசலில் விற்கும் ஆல்பம், சட்டைகளிலும் பல அரங்குகள் ஐந்தில் ஒரு பங்கு வரை கேட்கும். முன்கூட்டியே எழுத்தில் பேசி முடிக்காதவர்கள் இரவு பதினொரு மணிக்குக் காசாளர் மேசையில் நின்று வாதாடிக்கொண்டிருப்பார்கள்.

அமெரிக்கானா என்ற பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது ஒரு இசை வடிவம் என்பதைவிட, கன்ட்ரி வானொலி எடுத்துக்கொள்ளாத பாட்டுக்குத் தேடிய அலமாரி என்று சொல்லலாம். 1995-இல் ‘கேவின் ரிப்போர்ட்’ வானொலி இதழ் அந்தப் பெயரில் தரவரிசை தொடங்கியது. 1999-இல் நாஷ்வில்லில் அமெரிக்கானா மியூசிக் அசோசியேஷன் உருவானது. 2010 முதல் கிராமியில் தனி ஆல்பம் பிரிவு கிடைத்தது. சங்கம் 2015-இல் வெல்ச்சுக்கும் ராலிங்ஸுக்கும் பாடலெழுத்துக்கான வாழ்நாள் சாதனை விருது தந்தது. ஆனால் கிராமியில் அவர்களுடைய ஆல்பங்கள் ‘ஃபோக்’ பிரிவில்தான் வந்துகொண்டிருக்கின்றன.

வானொலி என்றதும் ஒரு விசித்திரத்தைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் சாதாரண வானொலி நிலையம் ஒரு பாட்டை ஒலிபரப்பினால் பாடியவருக்கு ஒரு காசும் கிடையாது. எழுதியவருக்கும் பதிப்பாளருக்கும் மட்டும் ஆஸ்கேப், பிஎம்ஐ போன்ற சங்கங்கள் வழியே பணம் வரும். இணைய வானொலி, செயற்கைக்கோள் வானொலி என்றால் ‘சவுண்ட்எக்ஸ்சேஞ்ச்’ வசூலித்து மாஸ்டர் உரிமையாளருக்கு 50, முதன்மைக் கலைஞருக்கு 45, உடன் வாசித்தவர்களுக்கான நிதிக்கு 5 என்று பிரிக்கும். லேபிளும் கலைஞரும் ஒரே வீட்டில் என்றால் நூறில் 95 அங்கேயே வந்து சேரும். ஆனால் இரண்டு பதவிக்கும் தனித்தனியாகப் பதிவு செய்திருக்க வேண்டும். கலைஞராக மட்டும் பெயரைக் கொடுத்துவிட்டு, உரிமையாளர் பங்கான 50-ஐக் கேட்காமலே விட்டுவைத்திருக்கும் தனிக் கலைஞர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

ஸ்ட்ரீமிங்கிலும் இதே கதை. மாஸ்டரின் பங்கு விநியோகஸ்தர் வழியே வந்துவிடும். அதுதான் பெரிய பங்கு, எல்லோர் கண்ணிலும் படுவது. எழுதியவரின் பங்கு இரண்டாகப் பிரிந்து இரண்டு வழியாக வரும்: ஒன்று ஆஸ்கேப் அல்லது பிஎம்ஐ வழியே, இன்னொன்று 2021 ஜனவரியில் செயல்படத் தொடங்கிய ‘மெக்கானிக்கல் லைசென்சிங் கலெக்டிவ்’ வழியே. முதலாவதில் சேர்ந்துவிட்டு எல்லாம் முடிந்தது என்று இருந்துவிடுவதுதான் மிகச் சாதாரணமான தவறு. அந்த அமைப்பு தொடங்கிய வேகத்தில், யாருடையது என்று பொருத்த முடியாமல் கிடந்த 42 கோடியே 40 லட்சம் டாலரை ஸ்ட்ரீமிங் நிறுவனங்கள் அதனிடம் ஒப்படைத்தன. ஏன் பொருத்த முடியவில்லை? ஒவ்வொரு பதிவுக்கும் ஓர் எண், ஒவ்வொரு பாட்டுக்கும் இன்னோர் எண் உண்டு. இரண்டையும் இணைக்காமல் விட்டிருப்பார்கள். பாட்டின் பெயர் ஓரிடத்தில் அடைப்புக்குறியோடும் இன்னோரிடத்தில் இல்லாமலும் இருக்கும். இருவர் சேர்ந்து எழுதியதில் ஒருவர் தமக்கு 60 என்றும் மற்றவர் தமக்கு 50 என்றும் பதிந்திருப்பார், கூட்டினால் 110. நூறு வரும் வரை பணம் நகராது. பாட்டை எழுதி முடித்த அன்றே, காபி ஆறுவதற்குள், பங்கை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்வதைவிட மலிவான காப்பீடு இல்லை.

கூரைக்கு வருவோம். கிழக்கு நாஷ்வில்லில் ‘வுட்லேண்ட்’ என்ற ஸ்டுடியோ, பழைய திரையரங்கக் கட்டடம் ஒன்றில் 1967-இல் க்ளென் ஸ்னாடி தொடங்கியது. ‘வில் தி சர்க்கிள் பி அன்ப்ரோக்கன்’ ஆல்பம் 1971-இல் பதிவானது அங்கேதான். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மூடப்பட்டுக் கிடந்த அந்தக் கட்டடத்தை வெல்ச்சும் ராலிங்ஸும் வாங்கினார்கள். வாடகை ஸ்டுடியோவில் கடிகாரம் ஓடும். சொந்த அறையில் ஒரு பாட்டு சரியாக வரவில்லையென்றால் எழுந்து போய்விட்டு அடுத்த வாரம் வரலாம். அவர்களுடைய மெதுவான போக்குக்கு இந்த அறையும் பொறுப்பு.

பழைய ஆல்பங்களை வினைலில் கொண்டுவர அவர்கள் 2017 வரை காத்திருந்ததும் அந்த மெதுவோடு சேர்ந்தது. காரணம் தொழில்நுட்பம். டிரம்ஸும் மின் கிட்டாரும் நிறைந்த தட்டில் சிறு பொரிப்பு ஒலி காதில் விழாது. இரண்டு கிட்டாரும் நடுவில் மௌனமும் உள்ள தட்டில் ஒவ்வொரு பொரிப்பும் கண்ணாடியில் விழுந்த கீறல். அதனால் தட்டு வெட்டும் நியூமன் இயந்திரம் ஒன்றையே வாங்கி, மாஸ்டரிங் வல்லுநர் ஸ்டீஃபன் மார்க்கஸனுடன் சேர்ந்து செப்பனிட்டு, அசல் டேப்பிலிருந்து நேராக வெட்டினார்கள். முதலில் வந்தது ‘தி ஹேரோ அண்ட் தி ஹார்வெஸ்ட்’.

தட்டு வெட்டுவது எப்படி என்றால், 12 அங்குலத் தட்டுக்கு 14 அங்குல அலுமினிய வட்டில் மெல்லிய அரக்குப் பூச்சு. அதில் வெட்டு ஊசி பள்ளம் இழுக்கும். அந்த அரக்கின் மேல் வெள்ளிப் படலம் தெளித்து, நிக்கல் ஏற்றி உரித்தால் எதிர்ப்படிவம் கிடைக்கும். அதிலிருந்து இன்னொன்று, அதிலிருந்து அழுத்தும் அச்சு. ஓர் அச்சு சுமார் ஆயிரம் தட்டுக்குத் தாங்கும். அரக்கு மென்மையானது, வெட்டிய பின் நாள்கணக்கில் கிடந்தால் பள்ளத்தின் விளிம்பு தளர்ந்து உயர் ஒலி மங்கும். நிமிடத்துக்கு 33⅓ சுற்றில், தட்டின் வெளி விளிம்பில் ஊசிக்குக் கீழே வினாடிக்கு சுமார் 51 செ.மீ. பள்ளம் ஓடுகிறது, உள்விளிம்பில் 21 செ.மீ.தான். அதே ஒலியை அரைவாசிக்கும் குறைவான நீளத்தில் அடைக்க வேண்டியிருப்பதால் உள்ளே போகப் போக ‘ஸ’கரம் சீறும், கம்பியின் மினுக்கு மழுங்கும். பக்கத்துக்கு 18 முதல் 20 நிமிடத்துக்குள் நிறுத்தி, கூர்மையான குரலுள்ள பாட்டை வெளியேயும் மென்மையானதை உள்ளேயும் வைப்பது இதற்குத்தான். கம்ப்யூட்டரில் கேட்டு அழகாக வரிசைப்படுத்திய ஆல்பத்தைத் தட்டுக்கு அப்படியே அனுப்பி, சோதனைப் பிரதியைக் கேட்டு நெஞ்சொடிந்துபோகிற தனிக் கலைஞர்கள் ஏராளம். சோதனைப் பிரதி ஐந்தாறு வரும். அத்தனையையும் கேளுங்கள்: எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் பொரிந்தால் குறை அச்சில், ஒன்றில் மட்டும் என்றால் அந்த ஒரு தட்டில்.

2020 மார்ச் 3, நள்ளிரவு தாண்டி அரைமணி நேரம் சென்று நாஷ்வில்லைச் சூறாவளி தாக்கியது. வுட்லேண்டின் கூரை பிய்ந்தது, மழை உள்ளே கொட்டியது. இருவரும் இருட்டில் டேப் பெட்டிகளையும் கருவிகளையும் ஈரம் எட்டாத இடத்துக்குச் சுமந்தார்கள். இருபத்தைந்து ஆண்டுப் பதிவுகள் அங்கேதான் இருந்தன. மாஸ்டர் பெரிய நிறுவனத்திடம் இருந்திருந்தால் அது எங்கோ ஒரு கிடங்கில் கிடந்திருக்கும். நனைந்தாலும் எரிந்தாலும் கலைஞருக்குத் தெரியக்கூட வாய்ப்பில்லை. சொந்தமாக இருந்ததால் சுமக்கும் வேலையும் சொந்தம். நனைந்த டேப் உடனே அழிந்துவிடாது. ஆனால் காந்தத் துகளைப் பிடித்திருக்கும் பசை ஈரத்தை உறிஞ்சினால் சுருள் பிசுபிசுத்து, ஓட்டும்போது துகள் உரிந்து வந்துவிடும். அட்டைப் பெட்டியும் அதிலுள்ள எழுத்தும் அதற்கு முன்பே போய்விடும். எந்தச் சுருளில் எந்தப் பாட்டு என்பது தெரியாமல் போவதும் ஒருவகை அழிவுதான்.

அந்த இரவு கண்முன் நின்றதால்தான் பெட்டிக்குள் கிடந்தவை வெளியே வந்தன. 2002-இல் ஒப்பந்தக் கடனுக்காகப் பாடிவைத்த அந்த 48 பாட்டுகளும் 2020-இலேயே மூன்று தொகுதிகளாக அக்கோனியில் வெளிவந்தன. கொரோனா ஊரடங்கில் வீட்டிலேயே டேப்பில் பதிவு செய்த, பிறர் பாட்டுகளும் பழம்பாட்டுகளுமாகப் பத்து கொண்ட ‘ஆல் தி குட் டைம்ஸ்’ அதே ஆண்டு ஜூலையில் வந்து, 2021-இல் சிறந்த ஃபோக் ஆல்பத்துக்கான கிராமி பெற்றது. கச்சேரி எல்லாம் நின்றுபோன ஆண்டில் கடையைத் திறந்து வைத்திருந்தவை இவைதான்.

கட்டடத்தைச் செப்பனிட ஆண்டுகள் பிடித்தன. 2024 ஆகஸ்டில் வந்த பத்துப் பாட்டு ஆல்பத்துக்குக் கட்டடத்தின் பெயரையே வைத்தார்கள்: ‘வுட்லேண்ட்’. 2025-இல் அதுவும் சிறந்த ஃபோக் ஆல்பத்துக்கான கிராமியை வாங்கியது. தாங்களே எழுதிய பாட்டுகள் கொண்ட ஓர் ஆல்பத்தின் அட்டையில் கில்லியன் வெல்ச், டேவிட் ராலிங்ஸ் என்று இருவர் பெயரும் சேர்ந்து வந்தது அதுவே முதல் முறை. அதுவரை பெரிய எழுத்தில் யாராவது ஒருவர் பெயர்தான் இருக்கும். உள்ளே, பாட்டெழுதியவர் என்ற பொடி எழுத்தில், பெரும்பாலான பாட்டுகளுக்கு நேரே தொடக்கத்திலிருந்தே இரண்டு பெயர்தான்.